யார் யாரிடம் சொன்னது?

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தக் குழுவில் நான் இருக்கிறேன் என்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. சபைக்கு முகநூல் குழு தொடங்கியபோது என் மகள் யாரிடமும் சொல்லாமல் என்னையும் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து உங்கள் ஜெபக் குறிப்புகளையும் சாட்சிகளையும் பிறந்தநாள் வாழ்த்துகளையும் படித்து வருகிறேன். ஒரு எழுத்து போட்டதில்லை. இப்போது பாஸ்டர் ஞானமுத்து ஐயா காலமாகிவிட்டார். அஞ்சலிகள் குவிகின்றன. அவற்றில் பாதியில் நானும் வருகிறேன், பெயர் இல்லாமல், ஓர் எச்சரிக்கையாக.

அதற்காக மட்டும் எழுதவில்லை. என் மகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். அவளுடைய முதல் கரு தங்கவில்லை. தகப்பன் ஊழியக்காரருக்கு விரோதமாக எழும்பியதால் வந்த பலன் அது என்று இந்தச் சபையில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை நம்பிவிட்டாள். இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பயத்தைப் பற்றி பாஸ்டர் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்னிடம் இருக்கிறது. அதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் சபைக்காரர் அல்ல. ராயபுரத்தில் நம் ஆராதனைக் கூடத்துக்குக் கீழே பனியன் குடோன் வைத்திருக்கும் அன்வர் பாய். நான் ஒரு கம்பெனியின் செக்கிங் பகுதியில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், உங்க பாஸ்டர் தவறிட்டாருங்க" என்றார். 'உங்க பாஸ்டர்' என்று என்னிடம் ஒருவர் சொல்லி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனால் என் மனைவிக்கு விடியற்காலையிலேயே தெரிந்திருக்கிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. என் மனம் இப்போதெல்லாம் அப்படித்தான் ஓடுகிறது. அப்படி ஓடக் கற்றுக்கொடுத்த இடம் எது என்பதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஊழியத்துக்கு வருமுன் அவர் கட்டிங் மாஸ்டர். இந்தப் பனியன் ஊருக்கு வந்த புதிதில், தெற்கே அவர் பிறந்த தேரிக்காட்டின் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. கடைசி வரைக்கும் போகவில்லை. கட்டிங் டேபிளில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்குவதை இங்கே லே போடுவது என்பார்கள். அவர் ஊர்க்காரர்களோ ஒருவரை ஒருவர் கூப்பிடுவதே 'ஏலே' என்றுதான். பிரசங்கத்தில் அவர் "லே" என்றால் துணி அடுக்கைச் சொல்கிறாரா, பின்வரிசையில் தூங்குகிறவனைக் கூப்பிடுகிறாரா என்று உள்ளூர்க்காரர்களுக்குக் குழப்பமாக இருக்கும். பின்வரிசை எப்படியும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். கீழ்ப்படிதல் பற்றி அவர் பேசினால் இந்த உவமை வராமல் இருக்காது. "மேல் லேயில போட்ட மார்க்குதான் அடி லே வரைக்கும். மேல தப்பினா அடியில கெடக்க பீஸ் வரைக்கும் தப்பு. அதனால மார்க் போடுதவன் கைய யாரும் தட்டிவிடாதிய." டைலர்களும் அயர்னிங் ஆட்களும் நிறைந்த சபைக்கு இதைவிட நன்றாக யாரும் புரியவைக்க முடியாது. எனக்கும் அப்போது பிடித்திருந்தது.

அவரிடம் எனக்கு நன்றி இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். என் அப்பா இங்கே இறந்தபோது, சொந்த மண்ணில்தான் அடக்கம் பண்ண வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். வாடகை வண்டியில் உடலோடு பின்னால் உட்கார்ந்து வர உறவுக்காரர்களே தயங்கினார்கள். பாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். வழி முழுக்க, வண்டி குலுங்கும்போதெல்லாம் அப்பாவின் தலை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அந்தக் கையை நான் மறக்கவில்லை. அதே மனிதர் பிறகு எனக்குச் செய்ததையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களில் பெரும்பாலோருக்கு அவர் ஒரே மாதிரியான மனிதராகவே வாய்த்துவிட்டார்.

முதல் கீறல் ஒரு வேடிக்கையில் விழுந்தது. எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த பாஸ்டர், 'ஆவிக்குரிய கவரிங்' என்ற வார்த்தையோடு திரும்பினார். ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஓர் ஊழியக்காரரின் கவரிங் இருக்க வேண்டும். வேலை மாறுவதோ வீடு மாறுவதோ பெண் பார்ப்பதோ அவரைக் கேட்காமல் செய்தால் அந்த மறைவை விட்டு வெளியே போய்விடுவோம். வெளியே போனவனைச் சத்துரு அடிப்பான். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது நான் சொன்னேன்: "ஐயா, நம்மூருல கவரிங்குன்னா மேல தங்கம், உள்ள பித்தளைங்க." பெண்கள் பக்கத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார், என் முதுகில் ஒரு தட்டும் தட்டினார். அடுத்த ஞாயிறு நோவாவின் மகன் காமைப் பற்றிப் பிரசங்கம். தகப்பனின் நிர்வாணத்தை மூடாமல் வெளியே போய்ச் சொன்னவன், அதனால் சாபத்தை வாங்கித் தந்தவன். பிரசங்கம் முழுக்க அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு கவனம் தேவைப்படுகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் சபைச் செயலாளர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் பாஸ்டர், தமக்குப் பின் இந்த மந்தையை மேய்க்கிறவன் யார் என்று கர்த்தர் காட்டிவிட்டார் என்றார். காட்டப்பட்டவர் அவருடைய மகன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மகனைப் பற்றி எனக்கு அன்று ஒரு குறையும் இல்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று எழுந்தேன். "ஐயா, சபையார் எல்லாருமே பரிசுத்தவான்கள்தானுங்க. கர்த்தர் அவங்க நடுவுலயும் இருக்கிறாருங்களே. அவங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாமுங்களே" என்றேன்.

நம் சபையின் பழக்கம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் வேதப்புதிர் உண்டு. பாஸ்டர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, யார் யாரிடம் சொன்னது என்று கேட்பார். பெரியவர்களும் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். கேள்வி வந்தால் வாய் தானாகத் திறந்துவிடும் அளவுக்குப் பழகிய கூட்டம் நாம். பாஸ்டர் என்னைப் பார்த்து மெதுவாகப் புன்னகை செய்தார். பிறகு சபையைப் பார்த்துக் கேட்டார். "தம்பி இப்பம் சொன்ன வார்த்த யார் யாரிடம் சொன்னது?"

கூடம் முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது. "கோராகு மோசேயிடம்."

பதில் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே உறைத்தது. மோசேக்கு விரோதமாகக் கூட்டம் சேர்த்த லேவியன் கோராகு. பூமி வாயைத் திறந்து அவனையும் அவன் வீட்டாரையும் விழுங்கியது. நான் அவனுடைய வசனத்தை நினைத்துப் பேசவில்லை. சிறுவயதிலிருந்து காதில் விழுந்த வேத வார்த்தைகள், நமக்குச் சொந்த வார்த்தை வேண்டியிருக்கும் நேரத்தில் நாக்கில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. வேறு எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தாலும் அது ஒரு நியாயமான கோரிக்கையாக இருந்திருக்கும். நம் கூடத்தில் அது என் பெயராகிவிட்டது. அன்று கூட்டத்தோடு கூட்டமாகப் பதில் சொன்ன குரல்களில் ஒன்று என் மகளுடையது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. முன்வரிசையில் பாடற்குழுவோடு உட்கார்ந்திருந்தாள். பதிலைச் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் இரண்டகம் பற்றிப் பேசினார். இரண்டகம் பண்ணுவது பில்லிசூனியத்துக்குச் சமம் என்ற வசனம். நம் ஜனங்களுக்கு அந்த வார்த்தை வேதத்துக்கு வெளியே ஒரே ஓர் இடத்தில்தான் தெரியும்: உண்ட வீட்டுக்கு ரெண்டகம். பாஸ்டர் அங்கிருந்து இங்கே நழுவிப் போனார். உங்களுக்கு வேலை வாங்கித் தந்த வீடு, கலியாணம் பண்ணிவைத்த வீடு, சாவுக்கு வந்த வீடு. அந்த வீட்டுக்கு விரோதமாக ஒருவன் பேசினால் அது சூனியம். சாவுக்கு வந்த வீடு என்று சொன்னபோது நிறுத்தி மூச்சு விட்டார். தேவனுக்கு விரோதமான பாவம், ஒரு மூச்சு விடும் நேரத்தில், அவருக்குச் செய்த நன்றிகேடாக மாறியது. நான் தமிழ் படித்தவன். ஒரு சொல் ஓர் அர்த்தத்திலிருந்து இன்னோர் அர்த்தத்துக்கு எந்த இடத்தில் தாண்டுகிறது என்பதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

முடிந்ததும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, இந்த வசனம் யார் யாரிடம் சொன்னதுங்க?"

கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேருக்கும் பதில் தெரியும். சாமுவேல் தீர்க்கதரிசி சவுல் ராஜாவிடம் சொன்னது. அபிஷேகம் பண்ணப்பட்டவனிடம், சிங்காசனத்தில் இருந்தவனிடம் சொன்னது. கீழே இருந்தவர்களிடம் அல்ல. மேலே இருக்கிறவன் தனக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்ததற்குத்தான் அங்கே இரண்டகம் என்று பெயர். நான் இதை விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாஸ்டர் வேதப்புத்தகத்தை மூடினார். "படிச்சவன் கேள்வி. பாம்பும் ஏதேன்ல கேள்விதான் கேட்டுது" என்றார். சபை நிம்மதியாகச் சிரித்தது. அடுத்த ஞாயிறு எனக்கு இராப்போஜனத்தின் அப்பமும் ரசமும் தரப்படவில்லை. நான் மனந்திரும்பும்வரை என்னோடு யாரும் ஐக்கியம் வைக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது.

மனைவியும் மகளும் தொடர்ந்து போனார்கள். நான் தடுக்கவில்லை. வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பாயின் குடோனில் உட்கார்ந்திருப்பேன். மேலே என் மகள் பாடுவது மாடித்தரை வழியாகக் கேட்கும். காதர்பேட்டைக் கடைத்தெருவில் எதிரே வந்தால் நம் சபைக்காரர்கள் கடைக்குள் நுழைந்து பனியன் விலை கேட்பார்கள், நான் தாண்டும்வரை. பாய்க்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க பள்ளிவாசல்ல இமாம் பின்னாடிதானுங்க எல்லாரும் தொழுவோம். அவருக்கு முந்தி நாங்க குனியவே கூடாது. ஆனா அவரு ஓதறதுல தப்பு விட்டா பின்னாடி நிக்கறவன் எடுத்துக் குடுக்கலாமுங்க. குடுக்கோணும். அதுக்குப் பேரு கலகம் இல்லீங்க சார்." எடுத்துக் கொடுத்தால் இமாம் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன். "மனசுக்குள்ள கோவிச்சுக்குவாருங்க. ஆனா திருத்திக்கிட்டு ஓதுவாரு" என்றார்.

மகளின் கல்யாணம் வந்தபோது பாஸ்டர் சொல்லி அனுப்பினார். தகப்பன் வந்து உட்காரலாம், ஆனால் பீடத்தின் முன்னால் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கச் சபையின் ஐக்கியத்தில் இருக்கிறவர்தான் வர வேண்டும். வேண்டுமானால் முந்தின நாள் மண்டியிட்டு ஒப்புரவாகிக்கொள்ளலாம். நான் திருப்பிச் சொல்லி அனுப்பினேன்: படிக்கட்டு வரைக்கும் கூட்டி வருவேன், அதற்கு மேல் அவர்கள் பாடு. அன்று காலை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் கீழே, பனியன் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மேலே பாட்டு நின்றது. அங்கியோடு பாஸ்டர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அவருக்கு அப்போதே முழங்கால் வலி. கடைசிப் படியில் நின்று என் கையிலிருந்து அவள் கையை வாங்கிக்கொண்டார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அந்த வீடியோவை இந்த வாரம் மட்டும் உங்களில் எத்தனையோ பேர் இங்கே போட்டிருக்கிறீர்கள், அவருடைய தாழ்மைக்கு அடையாளம் என்று. என் முகம் தெரியாமல் வெட்டித்தான் போட்டிருக்கிறீர்கள்.

அந்த வீடியோவில் கேட்காதது ஒன்று உண்டு. கையை வாங்கும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நீரு ஏறி வரமாட்டீரு. நான் எறங்கி வந்துட்டேன். இதுல யாரு பெரியவன்னு வீட்டுல போயி எண்ணிப்பாரும்." அது தாழ்மையா, தாழ்மையால் கொடுத்த அடியா? இன்று வரைக்கும் எண்ணிப்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் சாட்சிகளுக்கு வருகிறேன். ஊழியக்காரருக்கு விரோதமாக எழும்பிய ஒரு சகோதரனின் கம்பெனி கதவடைத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், நான் மெர்ச்சண்டைசராக இருந்த கம்பெனி மூடப்பட்டது. ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அதே கம்பெனியில், நெற்றியில் ஜெப எண்ணெய் பூசிக்கொண்டு வேலைக்கு வந்த நம் சபை டைலர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அன்றே வேலை போயிற்று. பூமி வாயைத் திறந்தபோது கோராகையும் ஆமென் சொன்னவர்களையும் பிரித்துப் பார்க்கவில்லை. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என் வேலை, என் பெயர், என் பாடு.

மகளின் விஷயம் அப்படி அல்ல. கரு கலைந்து அவள் எங்கள் வீட்டில் படுத்திருந்தபோது பெண்கள் ஜெபக்குழு வந்து ஜெபித்துவிட்டுப் போனது. அவர்கள் போன பிறகு அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  ஒரு வாரம் கழித்துத் தன் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். ஜெபிக்க வந்தவர்களில் ஒருத்தி காதோடு சொன்னாளாம்: மேல் லே தப்பினா அடி லேயும் தப்புத்தான கண்ணு, உங்கப்பாவ மொதல்ல மனந்திரும்பச் சொல்லு. ஜெபக்குழு வந்துபோன இரண்டாம் நாள் பாஸ்டரும் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்த வார்த்தை அவர் காதுக்கு எட்டியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. எட்டியிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். அவருக்குத் தெரியாமல் அந்தச் சபையில் ஒரு டம்ளர் இடம் மாறியதில்லை. அது பொய் என்று அவர் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். சிறுநீரகம் கெட்டு வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருந்தார். என்னைப் பற்றிக் கேட்டதாகப் பாய் சொன்னார். பாய் யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர், தானாகவே சொல்லியிருக்கலாம். இருந்தாலும் ஒரு மத்தியானம் போனேன். மகன் வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாஸ்டர் தலையணையில் சாய்ந்திருந்தார், உடம்பு பாதியாகியிருந்தது.

"வாரும்" என்றார். "தனியா வந்தீரா? கூட்டத்தையும் கூட்டிட்டு வந்தீரா?"

"தனியாத்தானுங்க. கூட்டமெல்லாம் உங்க கூடவே இருந்துருச்சுங்க."

சிரித்தார். உட்காரச் சொன்னார்.  பிறகு அவரே ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்லணும். தாவீதக் கொல்லத் தேடுன சவுல் ராஜா, அவன் கைக்குள்ளயே ரெண்டு வாட்டி மாட்டுனான். தாவீது கை வைக்கல. நீரும் என் மேல கை வைக்கல. போலீஸ், கோர்ட்டுன்னு போகல. நாக்க மட்டுந்தான் வச்சீரு."

"அப்ப நீங்க சவுலுங்களாய்யா?" என்றேன்.

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாழ்நாள் முழுக்க உவமை சொல்லிப் பிழைத்த மனிதர் அவர். தன்னை எந்தப் பாத்திரத்தில் வைக்கிறோம் என்று தெரியாமல் ஓர் உவமையைத் தொடங்கியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்தே வைத்தார் என்றும் சத்தியம் பண்ண முடியவில்லை.

அப்போது என் மகளைப் பற்றிச் சொன்னேன். அவள் காதில் போடப்பட்ட வார்த்தையை அப்படியே சொன்னேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"யாரு சொன்னா?"

"சொன்னது யாரா இருந்தா என்னங்க. வார்த்தை உங்களுதுதானுங்க."

கண்ணை மூடிக்கொண்டார்.  "அது துணிக்குச் சொன்னதுல்லா தம்பி" என்றார். "பிள்ளைக்குச் சொல்லுவனா?" பிறகு, கண்ணைத் திறக்காமலே: "கோராகு பிள்ளைய சாகல. அதையும் வேதத்துல எழுதித்தான் வச்சிருக்கு. பூமி தொறந்தத வாசிக்கவன் அத வாசிக்க மாட்டான். அந்தப் பிள்ளைய வம்சந்தான் பொறவு ஆலயத்துல பாடிச்சு. ஒம்ம மக பாடுதாள்லா, அது மாதிரி."

நான் கேட்டேன்: "இதைச் சபையில ஒரு தடவ சொல்லுங்கய்யா. பிரசங்க மேடையில நின்னு."

"சொல்லுதேன். எந்திச்சு வந்து சொல்லுதேன்."

எழுந்து வரவில்லை. நான் விடைபெற்றுத் திரும்பும்போது மகன் சுடுதண்ணீர் பிளாஸ்கோடு கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் கேட்டிருப்பார் என்பது என் சந்தேகம். கேட்கவில்லை என்று அவர் சொன்னால் மறுக்க என்னிடம் சாட்சி இல்லை. அந்த அறையில் இருந்த இன்னொரு சாட்சியை நீங்கள் அடக்கம் பண்ணிவிட்டீர்கள்.

அடக்க ஆராதனைக்கு நானும் வந்திருந்தேன். மேலே ஏறவில்லை, தெருவில் பாயோடு நின்றேன். ஒலிபெருக்கியில் மகன் பேசினார். தனக்கு விரோதமாக எழும்பியவர்களையும் அப்பா மன்னித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், வரும் ஞாயிறு நினைவுக் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் முன்னால் வரலாம், அவர்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் சபை ஜெபிக்கும் என்றார். பிள்ளைகளுக்காகவும் என்ற சொல்லை நான் கவனித்தேன். என் மகளும் கவனித்திருக்கிறாள். மறுநாள் வீட்டுக்கு வந்து, எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்கப்பா, ஒரு வார்த்தைதானுங்களே. போயி முன்னாடி நின்னுட்டு வந்துருங்க. தப்பு யார் மேலன்னு நான் கேக்கலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா."

ஆஸ்பத்திரியில் நடந்ததை அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "நெசமாலுமே சொன்னாருங்களா?" என்றாள். நான் சமாதானத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். சந்தேகப்படுவது எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொந்தம் இல்லையே. ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பிள்ளை நன்றாகப் பிறந்தால், தாத்தா மண்டியிட்டதால் பிறந்தது என்பார்கள். பிறக்கிற பிள்ளைக்கும் அந்தக் கடிவாளம் மாட்டப்படும். அதற்கு நான் உடன்பட மாட்டேன். அவளுக்குப் பயம் போக வேண்டுமானால், அவர் சொன்ன வார்த்தை அவர் சபையின் நடுவிலேயே சொல்லப்பட வேண்டும். மேடை எனக்கு இல்லை. இந்தக் குழு இருக்கிறது.

பாஸ்டர் ஞானமுத்துவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது என்ன என்று கேட்டால், மன்னிப்பை அல்ல. அவர் கொடுத்தாரா என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அப்பாவின் தலையைத் தாங்கி வந்த அந்தக் கை என்னிடம் இருக்கிறது. சவுலா என்று கேட்டதற்குக் கோபப்படாமல் வந்த அந்தச் சிரிப்பு இருக்கிறது. எந்த வாக்கியம் காதில் விழுந்தாலும், யார் யாரிடம் சொன்னது என்று கேட்காமல் அதை நம்பாத பழக்கம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்தவர் அவர். தம் வாக்கியங்களுக்கும் அதைக் கேட்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். அது துணிக்குச் சொன்னது. பிள்ளைக்குச் சொன்னது வேறு: கோராகின் பிள்ளைகள் சாகவில்லை. இந்த இரண்டையும் இனிமேல் யாரும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

இதன் கீழே பெயர் போடுவதா என்று யோசித்தேன். என் சொந்தப் பெயரைப் போட்டால் உங்களில் இளையவர்களுக்கு யார் என்றே தெரியாது. நீங்கள் வைத்த பெயரை என் கையால் எழுத மனம் வரவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்க நம் ஜனங்களுக்கு ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால், உங்கப்பா எழுதியதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று என் மகளிடம் வந்து நிற்பார்கள். பெயர் மறைத்துப் பதிவிட இங்கே வசதி இருக்கிறது. அப்படிப் போட்டால் குழுவை நடத்துகிறவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். இந்தக் குழுவை நடத்துகிறவள் அவள்தான்.

எனவே பெயர் போடாமல் அனுப்புகிறேன். முதலில் அவள் படிப்பாள். படித்துவிட்டு அவள் இதை அழித்துவிட்டாலும் அதற்குக் கீழ்ப்படிவேன்.